கடலில் போன காசா, செல்லில் போன காசா?

இராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், தொண்டி, ஏர்வாடி, மூக்கையூர் என்று இராமநாதபுரம் மாவட்டக் கரையோரத்தில் ஒரு வீட்டில் ஐயாயிரம் ரூபாய் குறைகிறது என்றால், சொல்வதற்குக் காரணங்களுக்குப் பஞ்சமே கிடையாது. பாடு (மீன்வரத்து) இல்லை. டீசலுக்கே கட்டவில்லை. வலை கிழிந்துவிட்டது. வியாபாரி இன்னும் கணக்கு முடிக்கவில்லை. காற்று அதிகம் என்று கடலுக்குப் போக டோக்கன் (அனுமதிச் சீட்டு) கொடுக்கவில்லை. இவை அத்தனையும் நிஜமாகவே நடக்கிறவைதான். மாதச் சம்பளம் வாங்குகிற வீட்டில் ஒன்றாம் தேதிப் பணம் குறைந்தால் அன்று ராத்திரியே கேள்வி வரும். இங்கே வருமானமே ஏறி இறங்கித்தான் வருகிறது. அந்த ஏற்ற இறக்கத்துக்குள் சூதில் போகிற காசு வருஷக்கணக்கில் ஒளிந்திருக்க முடியும்.

சூதாட்ட அடிமைத்தனத்தைப் பற்றி வருகிற அறிவுரைகள் பெரும்பாலும் நகரத்துச் சம்பளக்காரரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. சம்பளக் கணக்கைப் பாருங்கள், கிரெடிட் கார்டை முடக்குங்கள் என்கிறார்கள். பங்குப் பணம் கையில் ரொக்கமாக வாங்குகிறவருக்கு அதில் பாதி பொருந்தாது. இந்தக் கரையில் நோயைக் கண்டுபிடிப்பதும் காசு வருகிற வழியைப் பார்த்துத்தான். மீள்வதும் அந்த வழியைக் கொஞ்சம் மாற்றி வைத்துத்தான். சத்தியம் வாங்குவதெல்லாம் அதற்கு அப்புறம்.

அந்த வழி எப்படி இருக்கிறது? பாக் நீரிணைப் பக்கம் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, மீதி நான்கு நாள் நாட்டுப்படகு என்பது நெடுநாள் ஏற்பாடு. படகு கரை சேர்ந்து மீன் விற்றதும் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்துவிட்டு, மீதியைப் படகுக்கும் ஆட்களுக்குமாகப் பங்கு பிரிப்பார்கள். இறால் பட்ட நாளில் கை நிறையும். சங்காயம் என்கிற கழிவு மீன் மட்டும் ஏறிய நாளில் வீட்டுக்குக் குழம்பு மீன்தான் மிச்சம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். அதற்கான நிவாரணம் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக உயர்ந்திருக்கிறது என்றாலும் இரண்டு மாதத்துக்கு அது எந்த மூலைக்கு? மிச்சத்தைப் படகு முதலாளியான சம்மாட்டியிடமோ மீன் வியாபாரியிடமோ முன்பணமாக வாங்கித்தான் ஓட்டுகிறார்கள். இதற்கு மேல் இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனால் படகும் போச்சு, அதில் போனவர்களின் பிழைப்பும் போச்சு. கடன் இங்கே யாருக்கும் புதிதல்ல. கடன்காரர் வாசலில் வந்து நிற்பது ஒன்றே சந்தேகத்துக்குப் போதாது.

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம் பக்கம் வேறு மாதிரி. அங்கே பல வீடுகளில் வளைகுடாப் பணம் வருகிறது. அனுப்புகிறவர் அங்கே, செலவழிக்கிறவர்கள் இங்கே. நடுவில் மகனிடமோ மச்சானிடமோ ஏடிஎம் கார்டும் செல்லும் இருக்கும். ‘உம்மா கையில் கொடுத்துட்டேன் வாப்பா’ என்று போனில் சொன்னால் அங்கிருப்பவர் எதை வைத்துச் சரிபார்ப்பார்?

ஆடுகிற ஆட்டங்களைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. தடைக்காலத்தில் படகு நிழலில் உட்கார்ந்து போடுகிற சீட்டு எப்போதும் உண்டு. வெட்டுச் சீட்டு, ரம்மி, மங்காத்தா. தமிழ்நாட்டில் லாட்டரி 2003 ஜனவரியோடு தடையானது. (1960களின் கடைசியில் ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்று அரசே கூவிப் பரிசுச்சீட்டு விற்ற மாநிலம் இது என்பதை இன்றைய இளசுகள் நம்புவதில்லை.) தடைக்குப் பிறகு, கேரள லாட்டரி முடிவின் கடைசி எண்களை வைத்து மூணு நம்பர் லாட்டரி திருட்டுத்தனமாக ஓடுகிறது. தாளில் எழுதிக் கொடுத்ததுபோய் இப்போது வாட்ஸப்பில் நம்பர் அனுப்புகிறார்கள்.

செல்லுக்குள் வந்த ரம்மியும் கிரிக்கெட் பந்தயமும்தான் பெரிய மாற்றம். படகு நிழல் சீட்டுக்கு ஆள் சேர வேண்டும், பொழுது சாய்ந்தால் முடிய வேண்டும், நாலு பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தோற்றவன் முகத்தைப் பார்த்து ‘போதும் எந்திரிடா மாப்ள’ என்று ஒருவராவது சொல்வார். செல்லில் அந்த ஒருவர் இல்லை.

சட்டம் இதைப் பிடிக்க ஓடிய கதை ஐந்து வருஷம் நீள்கிறது. 2020 நவம்பரில் தமிழ்நாடு அவசரச் சட்டம் போட்டது; அதன் தொடர்ச்சியாக வந்த சட்டத்தை 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022ல் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைத்து, அதே ஆண்டு அக்டோபரில் புதிய மசோதா நிறைவேறியது. ஆளுநர் 2023 மார்ச்சில் திருப்பி அனுப்ப, சட்டமன்றம் மறுபடி நிறைவேற்ற, ஏப்ரலில் ஒப்புதல் வந்தது. நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றாலும் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று சொல்லி அவற்றின் மீதான தடையை நீக்கியது. 2025 தொடக்கத்தில் ஆதார் சரிபார்ப்பு, நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக் கூடாது என்ற விதிகள் வந்தன. அந்த நேரத்தில் ஊர் உறங்கும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். கடற்கரையில் பாதிப் பேர் விழித்திருக்கிற நேரமே அதுதான். கடைசியில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமை ஆட்டமோ அதிர்ஷ்ட ஆட்டமோ, பணம் கட்டி ஆடுகிற ஆன்லைன் ஆட்டம் எல்லாவற்றுக்கும் நாடு முழுக்கத் தடை கொண்டுவந்தது. நடத்துகிறவருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு கோடி வரை அபராதமும் உண்டு. இந்தச் சட்டத்தில் ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை. இந்தக் கடைசி விஷயம் முக்கியம். ‘வெளியே சொன்னால் போலீஸ் கேஸ் ஆகிவிடும்’ என்று பயந்து மருத்துவரிடம் போகாமல் இருக்கக் காரணமில்லை.

பெரிய கம்பெனிகள் கடையைச் சாத்தின. ஆனால் பழக்கம் பிடித்தவர் கடை மாறிப் போவார். வெளிநாட்டுத் தளங்கள், டெலிகிராம் ஏஜென்ட்கள், யாரோ ஒருவர் பெயரிலுள்ள கணக்குக்குப் போகிற ஜிபே. முன்பாவது கணக்கு அறிக்கையில் கம்பெனி பெயர் வரும், இவர் ரம்மி ஆடுகிறார் என்று தெரியும். இப்போது முன்பின் தெரியாத ஆள் பெயர்தான் வருகிறது.

‘கடலுக்குப் போறதே சூதுதானே’

கரையில் இந்தப் பேச்சு அடிக்கடி வரும். ஆடுகிறவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற சமாதானமும் இதுதான். பதில் சொல்லியாக வேண்டிய பேச்சு, ஏனென்றால் இதில் பாதி உண்மை இருக்கிறது.

அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகள் பிரபலமானவை. ஒவ்வொரு கொத்துக்கும் தீனி விழுந்தால் புறா பசிக்குக் கொத்திவிட்டு நிறுத்திவிடும். எத்தனையாவது கொத்துக்கு விழும் என்று தெரியாமல் தாறுமாறாக விழுந்தால் ஓயாமல் கொத்திக்கொண்டே இருக்கும். தீனியை அடியோடு நிறுத்தின பிறகும் வெகுநேரம் விடாது. சூதாட்டத் தளங்கள் எல்லாம் இந்த விதியின் மேல்தான் கட்டப்பட்டிருக்கின்றன. கடலும் அப்படித்தான் கொடுக்கிறது: பத்து நாள் ஒன்றுமில்லை, பதினோராம் நாள் வலை கனக்கும். ‘இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு’ என்று மறுநாளும் கிளம்புகிறவர்தான் நல்ல கடல்காரர். அப்பாவும் சீயானும் (தாத்தாவும்) சொல்லிக் கொடுத்த பொறுமை அது. அந்த நல்ல குணத்தையே செல் பயன்படுத்திக்கொள்கிறது என்பதுதான் கொடுமை. பத்து முறை தோற்றும் பதினோராம் முறைக்கு உட்காருகிறவருக்குத் தான் தவறு செய்வதாகத் தோன்றாது. தன் தொழில் சொல்லிக் கொடுத்ததைச் செய்வதாகவே தோன்றும்.

மீதிப் பாதி பொய். கடலில் கற்றுக்கொள்ள முடியும். வாடைக் காற்றா கச்சான் காற்றா, நீர் தெளிந்திருக்கிறதா கலங்கியிருக்கிறதா, எந்தப் பாரில் (கடலடிப் பாறையில்) என்ன மீன் என்று தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் ஒரு வருஷ மீன்பாட்டில் வித்தியாசம் தெரியும். சூதில் நடத்துகிறவர் ஒவ்வொரு சுற்றிலும் தன் பங்கை முதலிலேயே எடுத்துவிடுகிறார். நூற்றுக்குப் பத்து எடுக்கிறார் என்று வையுங்கள். ஆயிரம் ரூபாயோடு உட்கார்ந்து, கையில் இருப்பதை முழுசாகப் பத்துச் சுற்று விட்டால் சராசரியாக மிஞ்சுவது சுமார் 350 ரூபாய். இருபது சுற்றில் 120 சொச்சம். ஒருநாள் ஒருவர் ஜெயிக்கலாம். ஆட ஆட ஜெயிக்க முடியாது. மூணு நம்பரில் 000 முதல் 999 வரை ஆயிரம் எண்கள். முப்பது ரூபாய்ச் சீட்டுக்குப் பதினைந்தாயிரம் பரிசு என்று ஒரு பேச்சுக்கு வைத்தால், அந்தச் சீட்டின் நிஜ மதிப்பு பதினைந்து ரூபாய். வாங்கின கையோடு பாதி போய்விட்டது.

இந்தக் கணக்கு ஆடுகிறவருக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். ஏலத்தில் நின்று கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைந்தால் சண்டை போடுகிறவர் அவர். தெரிந்தும் விட முடியாமல் போவதால்தான் இதை நோய் என்கிறார்கள். 427 எழுதியவருக்கு 428 விழுந்தால் ‘ஒரு நம்பர்ல போச்சே’ என்று துடிப்பார். 428 விழுந்தாலும் 901 விழுந்தாலும் தோல்வி ஒன்றுதான், ஆனால் மூளை அப்படி எடுத்துக்கொள்வதில்லை. மயிரிழையில் தவறியதைக் கிட்டத்தட்ட வெற்றியைப் போலவே எடுத்துக்கொண்டு இன்னொரு முறை ஆடத் தூண்டுகிறது. அடுத்தது, எல்லோர் வாயிலும் வருகிற ‘விட்டதைப் பிடிக்கணும்’. ஜெயிப்பதற்காக ஆடின காலம் போய், இழந்ததை மீட்பதற்காக ஆடுகிற கட்டம் வந்துவிட்டால் தொகை தானாகப் பெருகும். இது குணக்கேடு என்று இன்னும் பிடிவாதமாகச் சொல்பவர்களுக்கு ஒரு தகவல்: நடுக்குவாத நோய்க்குத் தரப்படும் சில மருந்துகள், மூளையில் சுரக்கும் டோபமைன் சம்பந்தப்பட்டவை, வாழ்நாளில் சீட்டைத் தொடாத முதியவர்களைக்கூடச் சூதில் இறக்கிவிட்டிருக்கின்றன. மருந்தைக் குறைத்ததும் பலருக்கு அந்த வேகம் அடங்கிவிடுகிறது.

வீட்டார் எதைப் பார்ப்பது

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013ல் வெளியிட்ட கையேட்டில் சூதாட்ட நோயைக் குடி, கஞ்சா இருக்கிற பட்டியலுக்கே மாற்றியது. உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராவது நோய் வகைப்பாட்டிலும் இது பழக்க அடிமைத்தனங்களில் ஒன்று. கையேட்டில் ஒன்பது அடையாளங்கள் இருக்கின்றன. ஓராண்டுக்குள் நான்கு பொருந்தினால் நோய் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பட்டியலை ஒப்பிப்பதைவிட, அவை நம் வீடுகளில் எப்படித் தெரியும் என்று பார்ப்பது உதவும்.

ஆடாதபோது வருகிற எரிச்சல் ஒன்று. கரையை விட்டுத் தள்ளிப் போனதும் டவர் போய்விடும். முன்பெல்லாம் கடலில் கலகலப்பாக இருந்தவர் இப்போது சிடுசிடுவென்று இருக்கிறார், கரை தெரிந்ததும் மீனைப் பார்க்காமல் செல்லைத் தூக்கிப் பிடித்து டவர் தேடுகிறார் என்றால் கூடப் போகிறவர்களுக்கு அது முதலில் தெரியும். வீட்டாருக்குத் தெரியாது. தொகை ஏறிக்கொண்டே போவது இன்னொன்று: நூறில் இருந்த சுவாரசியம் ஐந்நூறுக்குப் போனால்தான் வரும். நிறுத்தப் பார்த்து முடியாமல் போவது, வேறு வேலை செய்யும்போதும் நினைப்பு அங்கேயே இருப்பது, மனசு சரியில்லாத நேரத்தில் அதில் போய் விழுவது, விட்டதைப் பிடிக்க மறுநாளே திரும்பிப் போவது, வேலையும் உறவும் கெட்டுப்போகிற அளவுக்குப் போவது. இவை எல்லாம் அவருக்குள்ளேயோ அவரைச் சுற்றியோ நடப்பவை. மெதுவாகத்தான் வெளியே தெரியும்.

மீதி இரண்டும் சீக்கிரம் சிக்கும். ஒன்று பொய், மற்றது பிறரிடம் கைநீட்டுவது. ஒரே படகில் போன ஆட்களுக்குப் பங்கு பெரும்பாலும் ஒன்றுதான். ஓட்டுநருக்கு மட்டும் கூட இருக்கும். பக்கத்து வீட்டு மதினியிடம் ‘இந்தத் தடவை என்ன பங்கு விழுந்துச்சு?’ என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டால் கணக்கு தெரிந்துவிடும். மாதச் சம்பளக்காரர் மனைவிக்குக் கிடைக்காத வசதி இது. ஒரு தடவை வித்தியாசம் வந்தால் பெரிதுபடுத்த வேண்டாம், முன்பணத்தில் பிடித்திருக்கலாம். ஐந்தாறு தடவை தொடர்ந்து வந்தால் விஷயம் இருக்கிறது. செல்லில் ராத்திரி நேரத்தில் 200, 500, 500, 1,000 என்று முன்பின் தெரியாத பெயர்களுக்குப் போயிருக்கிற வரிசையும் அப்படியே. சம்மாட்டியிடம் முன்பணம் ஏறியிருக்கும்; அது தெரியாமல் இருக்க அவர் படகு மாறுவார். ஒரு வருஷத்துக்குள் காரணமில்லாமல் மூன்று படகு மாறினவரைப் பற்றிக் கொஞ்சம் விசாரிக்கலாம்.

நகை கடைசியில்தான் தெரியவரும். ஓரியூர் திருவிழாவுக்கோ ஏர்வாடிச் சந்தனக்கூட்டுக்கோ ஒரு கல்யாணத்துக்கோ கிளம்பும்போது பெட்டியைத் திறந்து பார்த்தால் சங்கிலி இருக்காது, அடகுச் சீட்டு இருக்கும், சில வீடுகளில் அதுவும் இருக்காது. இந்தக் கரையில் பல குடும்பங்களில் விஷயம் வெடிக்கிற நாள் நல்ல நாளாகவே இருப்பது இதனால்தான்.

நேரடியாகக் கேட்பதற்கு மருத்துவர்களிடம் இரண்டே கேள்வி கொண்ட ஒரு சோதனை இருக்கிறது. கூடக் கூடப் பணம் வைத்து ஆட வேண்டும் என்று உனக்கு எப்போதாவது தோன்றியிருக்கிறதா? எவ்வளவு ஆடினாய் என்பதை வேண்டியவர்களிடம் மறைத்துப் பொய் சொல்ல நேர்ந்திருக்கிறதா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் மேற்கொண்டு பார்க்க வேண்டும். இதைக் கேட்க நேரமும் ஆளும் முக்கியம். தோற்றுவிட்டு வந்த ராத்திரியில், மாமனார் வீட்டார் நடுவில் வைத்துக் கேட்டால் பொய்தான் வரும். அண்ணனோ, கூடக் கடலுக்குப் போகிற மூத்தவரோ, காலையில் தனியாகக் கேட்டால் பதில் வர வாய்ப்பு உண்டு.

இன்னொரு கேள்வியைக் கேட்கப் பலரும் கூசுகிறார்கள். சூதாட்ட நோயில் தற்கொலை ஆபத்து மிக அதிகம். கடன் முழுவதும் வெளியே தெரியவருகிற அந்த ஓரிரு நாட்களில் இன்னும் அதிகம். ‘செத்துப் போயிடலாம்னு நினைப்பு வருதா?’ என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. கேட்டால் பாரம் குறையும். ஆமாம் என்றால் அவரைத் தனியாக விடக் கூடாது, கடலுக்கும் அனுப்பக் கூடாது. மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416, தமிழக அரசின் 104 இரண்டுமே எந்நேரமும் தமிழில் பேசுகிற இலவச எண்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், தண்டிக்கப்படக் கூடாது என்பது 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம். கேஸுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்க வேண்டாம்.

கடனை யார் அடைப்பது

விஷயம் வெளியே வந்ததும் குடும்பம் செய்கிற முதல் காரியம் கடனை அடைப்பது. மச்சினன் அரபு நாட்டிலிருந்து அனுப்புவான், அக்கா நகையைக் கழற்றுவாள், மனைவி மகளிர் குழுவில் கடன் எடுப்பாள், மாமியார் பாசி எடுத்துச் சேர்த்ததைக் கொடுப்பார். ‘இதுதான் கடைசி’ என்று கோயிலிலோ மாதாவுக்கு முன்னாலோ பள்ளிவாசலிலோ சத்தியம் நடக்கும். ஆறு மாதத்தில் மறுபடி அதே கதை, இம்முறை தொகை இரட்டிப்பு.

சத்தியம் செய்யும்போது அவர் பொய் சொல்லவில்லை. அந்த நிமிஷம் அவர் மனசு நிஜமாகவே அப்படித்தான் இருக்கும். ஆனால் கடன் முழுசும் ஒரே நாளில் காணாமல் போனால், கெட்ட கனவு முடிந்ததுபோல் ஆகிவிடுகிறது. அத்தோடு புதிதாகக் கடன் வாங்க அவர் பெயரும் சுத்தமாகிவிடுகிறது. சிகிச்சை அளிப்பவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் ஒத்துப்போகிற இடம் இது: ஒட்டுமொத்தமாக அடைத்துக் கொடுக்காதீர்கள். என்னைக் கேட்டால், அன்பினால் செய்கிற தவறுகளில் இந்தக் கரையில் மிகப் பெரியது இதுதான். பெண்கள் பெயரில் குழுக் கடன் எடுத்து அடைப்பது அதிலும் மோசம். ஆடினவர் ஒருவர், வாரா வாரம் தவணைக்கு நிற்பவர் வேறொருவர்.

பதிலாக ஒரு நோட்டை எடுத்து அவர் கையாலேயே எல்லாக் கடனையும் எழுதச் சொல்லலாம். முதல் நாள் எழுதுவது பாதிதான் இருக்கும். திட்டாமல் விட்டால் மீதி ஒரு வாரத்தில் வரும். சம்மாட்டி முன்பணம், அடகு, கைமாற்று, மீட்டர் வட்டி, லோன் ஆப் எல்லாம் தனித்தனியாக. முதலில் நிறுத்த வேண்டியது மீட்டர் வட்டியை. தமிழ்நாட்டில் 2003 முதல் கந்து வட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. மிரட்டல் வந்தால் புகார் கொடுக்கலாம். ஆனால் ஒரே ஊருக்குள் இருந்துகொண்டு புகார் கொடுப்பதைவிட, பெரியவர்களை வைத்து வட்டியை நிறுத்தி அசலைத் தவணையாக்குவது பல இடங்களில் நடக்கிற காரியம். படத்தை மாற்றி அனுப்புவேன் என்று மிரட்டுகிற லோன் ஆப்களுக்கு சைபர் குற்ற எண் 1930. மீதிக் கடன்களை அவரே தன் பங்கிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அடைக்க வேண்டும். மெதுவாகத்தான் நடக்கும். அந்த மெதுவும் மருந்தில் ஒரு பகுதி.

காசு வழியை மாற்றுவது இதோடு சேர்ந்தது. பங்கை மனைவியோ அண்ணனோ வாங்கிக்கொள்வது, அவர் செல்லில் யுபிஐயை எடுத்துவிட்டுக் கொஞ்ச காலம் பட்டன் செல் வைத்துக்கொள்வது, நிவாரணம் ஏறும் வங்கிக் கணக்கின் கார்டை வீட்டில் இன்னொருவர் வைத்திருப்பது, கைச்செலவுக்குத் தினம் ஒரு தொகை. ஆம்பளைக்கு இது அவமானம் என்று தோன்றும். சர்க்கரை வியாதிக்காரர் வீட்டில் லட்டை மேல் பரணில் வைப்பதைப் போல எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். ஒரு வருஷம், அதன்பிறகு பார்க்கலாம் என்று கெடு வைத்தால் ஒப்புக்கொள்வது சுலபம்.

வைத்தியத்துக்கு எங்கே போவது? இராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி நடக்கிறது. அதன் மருத்துவமனையில் மனநலப் பிரிவில் காட்டலாம், மாவட்ட மனநலத் திட்டமும் உண்டு. மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனை பஸ் தூரம்தான். பெங்களூரில் மத்திய அரசின் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில் செல், இணையப் பழக்கங்களுக்கென்றே 2014 முதல் தனிச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. அவ்வளவு தூரம் எல்லோருக்கும் தேவைப்படாது. சிகிச்சையில் பெரும்பகுதி பேச்சுதான்: எந்த நேரத்தில், யாரோடு, எந்த மனநிலையில் ஆட்டம் தொடங்குகிறது என்று பிரித்துப் பார்ப்பது, ‘இந்தத் தடவை வந்துடும்’ என்ற எண்ணத்தை எதிர்த்துக் கேட்பது, அந்த வேகம் வந்தால் அது அடங்குகிறவரை வேறு எதிலாவது இருப்பது. சூதுக்கென்று தனி மாத்திரை கிடையாது. குடிப்பழக்கத்துக்குத் தருகிற நால்ட்ரெக்சோன் சிலருக்கு ஆசையைக் குறைப்பதாக ஆய்வுகள் இருக்கின்றன; அதை மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். குடியும் மனச்சோர்வும் கூட இருந்தால் அவற்றையும் சேர்த்துப் பார்க்காமல் சூதை மட்டும் நிறுத்த முடியாது.

இந்த மாவட்டத்தில் இதைப் பேசும்போது ஏர்வாடி தர்காவை விட்டுவிட்டுப் பேச முடியாது. சூதில் விழுந்த மகனுக்கு யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று அங்கே கூட்டிப் போகிற குடும்பங்கள் எல்லா மதத்திலும் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் இறந்தார்கள். இன்று யாரையும் எந்தக் காரணத்துக்காகவும் சங்கிலியில் கட்டுவது 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இப்போது தர்காவிலேயே ‘தவா-துவா’ என்று, பிரார்த்தனையோடு மருந்தும் கிடைக்க அரசு ஏற்பாடு இருக்கிறது. நேர்ச்சைக்குப் போகட்டும், மருத்துவரையும் பார்க்கட்டும். ஒன்றை விட்டால்தான் மற்றது என்று வாதாடி நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. எச்சரிக்கை ஒன்று மட்டும்: அடைத்து வைத்து அடிக்கிற தனியார் ‘மறுவாழ்வு மையங்கள்’ குடிக்கும் சூதுக்கும் ஒரே வைத்தியம் செய்கின்றன. அரசு உரிமம் இருக்கிறதா என்று கேட்காமல் யாரையும் கொண்டுபோய் விடக் கூடாது.

பெண்களும் ஆடுகிறார்கள், பள்ளிப் பிள்ளைகளும் ஆடுகிறார்கள். பெண்கள் விஷயத்தில் மறைப்பு இன்னும் அதிகம், மானம் என்று ஒன்று குறுக்கே நிற்பதால். பிள்ளைகளுக்குத் தொகை சிறிதாகவே இருக்கும், அப்பாவின் செல் பாஸ்வேர்ட் அவர்களுக்குத் தெரிந்திருப்பதுதான் முதல் ஓட்டை.

மறுபடி விழுவது நடக்கும். ஒருமுறை விழுந்ததால் முதலில் இருந்து தொடங்க வேண்டியதில்லை. அன்றைக்கே வீட்டில் சொல்லிவிட்டால் இழப்பு அன்றோடு நிற்கும். மறைத்தால்தான் விட்டதைப் பிடிக்கப் போவார். எந்த நாட்களில் ஆபத்து என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட முடியும். தடைக்காலத்தில் வேலையில்லாத மத்தியானங்கள் ஒன்று. வலை முடைவது, படகுக்கு வர்ணம் அடிப்பது, கட்டட வேலை, ஒத்துக்கொண்டால் நாட்டுப்படகில் ஒரு ஆளாகப் போவது என்று ஏதாவது இருந்தால் நல்லது. இரண்டு மாதம் எதுவுமே இல்லாமல் செல்லோடு இருக்கிறவரிடம் மனவுறுதியை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இன்னொன்று அதைவிட ஆபத்து. தடை முடிந்து ஜூன் பாதியில் போகிற முதல் பயணத்தில் மீன் நன்றாகப் படும் என்று எல்லோரும் எதிர்பார்த்திருப்பார்கள். பட்டால் இரண்டு மாதமாகப் பார்க்காத ரொக்கம் ஒரே காலையில் கைக்கு வரும். பல மாதம் தொடாமல் இருந்தவர்கள் சறுக்குவதற்கு அதைவிடத் தோதான காலை வேறில்லை. அந்தப் பங்கை யார் வாங்குவது, அதில் எவ்வளவு எந்தக் கடனுக்கு என்பதை மே மாதத்திலேயே சம்மாட்டியிடம் பேசி வைத்துவிடலாம். மனைவி போய்ப் பேசக் கூச்சப்பட்டால் மச்சினன் போகலாம். சம்மாட்டிக்கும் கொடுத்த முன்பணம் திரும்ப வர வேண்டும், பெரும்பாலும் மறுக்கமாட்டார்.